ஊசித்துளைப் பெட்டியில் எடுத்த படம் கெட்டால் எங்கே தேடுவது

ரீலிலிருந்து பிலிமை உருவி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டதும் கை தானாக அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும். சில சமயம் பன்னிரண்டு கட்டத்தில் ஒன்றுகூட உருப்படியாக இருக்காது. மனசு விட்டுப்போகும், தெரியும். ஆனால் அந்த ரோலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மரப்பெட்டி, ஒரு மெல்லிய தகடு, அதில் ஒரு துளை, ஒரு மூடி, இவ்வளவுதான் நம் கேமரா. கோளாறு வரக்கூடிய இடங்கள் குறைவு. கெட்டுப்போன ரோலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

காரணம் தேடும்போது ஸ்கேன் செய்த படத்தைப் பார்க்காதீர்கள், நெகட்டிவையே பாருங்கள். ஸ்கேனரின் மென்பொருள் வெளிச்சத்தைத் தானாகச் சரிக்கட்டிவிடும். வெளிறிப்போன நெகட்டிவும் கறுத்துப்போன நெகட்டிவும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்து நிற்கும். வெள்ளைத் திரை வைத்த போன் ஒன்றும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். வெளிச்சம் பட்ட இடம் நெகட்டிவில் கறுப்பாகவும் படத்தில் வெளுப்பாகவும் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரே பெட்டியை வைத்துக்கொள்கிறேன்: 120 ரோல் (பின்தாளோடு சுற்றி வரும் அகலமான பிலிம்), 6×6 செ.மீ. கட்டம், துளையிலிருந்து பிலிம் வரை 40 மி.மீ., துளையின் விட்டம் 0.28 மி.மீ. கறுப்பு வெள்ளை பிலிம், வீட்டிலேயே கழுவுவது, அதாவது டெவலப் செய்வது. உங்கள் பெட்டியின் அளவு வேறு என்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

முதலில் விளிம்பைப் பாருங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் படத்துக்குள் தேடும் முன் பிலிமின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். அங்கே பிலிமின் பெயரும் எண்களும் சின்ன எழுத்தில் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) பட்டால்தான் அவை தெரியவரும். எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்தால் கழுவிய விதம் சரி, பெட்டியிலோ எக்ஸ்போஷரிலோதான் (பிலிமுக்குக் கொடுத்த வெளிச்சத்தின் அளவு) பிரச்சினை. எழுத்துகளே வெளிறியிருந்தால் டேங்குக்குள் (பிலிமை ரீலில் சுற்றிக் கழுவும் மூடிய பாத்திரம்) ஏதோ நடந்திருக்கிறது.

அடுத்து, கோளாறான கறை படக் கட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா, கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டத்தின் எல்லையில் கத்தரித்தாற்போல் நின்றால் வெளிச்சம் பெட்டியின் முன்பக்க அறையிலிருந்து வந்தது. ஓரம் வரை வழிந்திருந்தால் பின்மூடி, ஸ்பூல் (பிலிம் சுற்றியிருக்கும் உருளை) இருக்கும் அறை, அல்லது பிலிம் கேமராவுக்கு வெளியே இருந்த நேரம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பாதிக் கோளாறுகளுக்கு இடம் தெரிந்துவிடும்.

முழு ரோலும் வெறுமையாக, கண்ணாடிபோல் இருக்கிறது

ஓர எழுத்துகள் இருக்கின்றன, படம் மட்டும் இல்லை என்றால் பிலிமுக்கு வெளிச்சமே போகவில்லை. துளையை மறைத்து ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டிருக்கலாம். துளையில் மரத்தூள் அடைத்திருக்கலாம்; புதிதாகச் செய்த பெட்டியில் இது அடிக்கடி நடக்கும். பின்மூடியைத் திறந்து, துளை வழியாக ஜன்னலைப் பாருங்கள், ஒரு பிரகாசமான வட்டம் தெரிய வேண்டும். இன்னொரு காரணம், 120 ரோலைத் திருப்பிப் போடுவது. பின்தாள் துளையைப் பார்த்தபடி இருந்தால் படம் பின்தாளில்தான் விழும். தாள் எப்போதும் உங்கள் பக்கம், பிலிம் துளையின் பக்கம் இருக்க வேண்டும்.

எழுத்துகளும் இல்லையென்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது டெவலப்பருக்குப் பிறகு ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டாவதாக இருந்தால் அந்த ரோலை மீட்க வழியில்லை. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் இன்றே ஒன்றில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். டெவலப்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெளிச்சம் பட்ட ஒரு துண்டு பிலிமை அறை வெளிச்சத்திலேயே அதில் போடுங்கள். சில நிமிடத்தில் கன்னங்கறேலென்று ஆக வேண்டும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் அந்த டெவலப்பரைக் கொட்டிவிடலாம்.

முழு ரோலும் கறுப்பு

ஓரம் உட்பட எல்லாமே கறுப்பு என்றால் பிலிம் எங்கேயோ திறந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறது. நடுக்குழாயை டேங்கில் போட மறந்திருக்கிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். ரீலைத் தாங்குவது மட்டும் அதன் வேலை இல்லை. மூடியின் வாய் வழியாக வரும் வெளிச்சத்தைத் தடுப்பதும் அதுதான். அது இல்லாமல் மூடினால் டேங்க் வெளிப்பார்வைக்குச் சரியாகவே இருக்கும், உள்ளே பிலிம் முழுக்கக் கெட்டிருக்கும்.

ஓரம் தெளிவாக இருந்து கட்டங்கள் மட்டும் கறுப்பு என்றால் எக்ஸ்போஷர் மிக அதிகம். மர ஷட்டர் தளர்ந்து, பையில் வைத்திருந்தபோது தானாகத் திறந்துகொண்டதா என்று பாருங்கள்.

படம் இருக்கிறது, ஆனால் வெளிறிக் கிடக்கிறது

ஊசித்துளைக்காரர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஓர எழுத்துகள் கறுப்பாக இருந்து, நிழலான பகுதிகளில் நெகட்டிவ் வெறும் கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். எழுத்துகளும் சேர்ந்தே வெளிறியிருந்தால் டெவலப்பர் பழையது, அல்லது குளிர்ந்திருந்தது, அல்லது நேரம் குறைந்தது.

வெளிச்சம் போதாததற்குப் பெரும்பாலும் கணக்குதான் காரணம். தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் அப்பெர்ச்சர் எண் (எஃப் எண்) வரும்: 40 வகுத்தல் 0.28, சுமாராக 143. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் எஃப் 143 இருக்காது. அதனால் எஃப் 16-இல் அளந்து பெருக்க வேண்டும். 143-ஐ 16-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கினால் 80. ஆக, எஃப் 16-இல் மீட்டர் சொல்லும் நேரத்தை எண்பதால் பெருக்குங்கள். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (பிலிமின் ஒளியுணரும் திறன்) 100 பிலிமுக்கு எஃப் 16-இல் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும் என்பது பழைய கைக்கணக்கு. நம் பெட்டிக்கு அது 0.8 நொடி. ஐ.எஸ்.ஓ. 400 பிலிமுக்கு 0.2 நொடி, கையால் திறந்து மூடும் மர ஷட்டரில் அது நடக்காத காரியம். வெயிலில் எடுப்பதானால் மெதுவான (ஐ.எஸ்.ஓ. எண் குறைந்த) பிலிமைப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கணக்குப் போட்டும் வெளிறுகிறதே என்றால், ரெசிப்ராசிட்டியை விட்டிருப்பீர்கள். ஒரு நொடியைத் தாண்டியதும் பிலிம் சோம்பல்படத் தொடங்கும். இரண்டு மடங்கு நேரம் கொடுத்தாலும் இரண்டு மடங்கு பதியாது. இல்ஃபோர்டு நிறுவனம் தன் பிலிம்களுக்கு இதற்கொரு எளிய வழி தந்திருக்கிறது: மீட்டர் கணக்கில் வந்த நொடியை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எச்.பி.5 பிளஸுக்கு அந்த அடுக்கு 1.31, எஃப்.பி.4 பிளஸுக்கு 1.26. போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அடுக்குக்கான பொத்தான் வந்துவிடும்.

ஓர் உதாரணம். மர நிழல், எச்.பி.5, எஃப் 16-இல் மீட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு சொல்கிறது. எண்பதால் பெருக்கினால் 10 நொடி. 10-ஐ 1.31 அடுக்குக்கு உயர்த்தினால் 20 நொடி. பத்து நொடியோடு மூடியிருந்தால் தேவையில் பாதி வெளிச்சம்தான் போயிருக்கும். வீட்டுக்குள் வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. அரை நொடி என்று மீட்டர் சொன்னால் 40 நொடி ஆகிறது, அடுக்கு போட்டால் இரண்டு நிமிடத்தைத் தாண்டும். ஃபியூஜி ஆக்ரோஸ் இரண்டு நிமிடம் வரை திருத்தமே கேட்காது, நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர்கள் அதைத் தேடிப்போவது அதற்காகத்தான். ஒவ்வொரு பிலிமுக்கும் கணக்கு வேறு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் தப்பினால் துளை நீங்கள் நினைக்கும் அளவில் இல்லை. தகட்டைக் கழற்றி ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து, 2400 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பெரிதாக்குங்கள். துளையின் குறுக்கே எத்தனை பிக்சல் என்று எண்ணி, 25.4-ஆல் பெருக்கி, 2400-ஆல் வகுத்தால் மி.மீ. வந்துவிடும். 26 பிக்சல் இருந்தால் 0.28 மி.மீ., கவலை இல்லை. 33 பிக்சல் இருந்தால் 0.35 மி.மீ. அப்போது அப்பெர்ச்சர் எண் 114, பெருக்க வேண்டியது எண்பதால் இல்லை, ஐம்பத்தொன்றால். நான் முதலில் செய்த தகட்டை 0.3 மி.மீ. என்று நம்பி மூன்று ரோல் எடுத்தேன். ஸ்கேன் செய்து பார்த்தபோது அது 0.22 மி.மீ. கொடுத்த நேரம் தேவையில் பாதிதான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சந்தேகம் வந்தால் கூடுதலாகவே கொடுங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும். குறைந்துபோன நிழலில் இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

கழுவும் பக்கம் தப்பு என்றால் முதல் சந்தேகம் வெப்பநிலை. எச்.பி.5-ஐ ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால் டிகிரிக்குச் சுமார் பத்து சதவீதம் நேரத்தைக் குறைக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் கூட்ட வேண்டும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகிற அளவுக்குச் சூடு இருந்தால் ஐஸ் தண்ணீரில் பாட்டிலை வைத்து ஆற்றிவிட்டே தொடங்குங்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் படம் ஒரே சீராகக் கழுவப்படாது.

கறுப்புக் கீற்று, கறுப்புத் திட்டு, ஓரத்தில் புகைபோல்

வெளிச்சக் கசிவு. மரப்பெட்டியின் தனிப்பட்ட நோய் என்றே சொல்லலாம். மரம் ஈரக்காற்றில் ஊதும், வறண்ட காற்றில் சுருங்கும். போன மாதம் பொருந்திய மூடி இந்த மாதம் ஒரு மயிரிழை விலகி நிற்கும்.

கசிவு எந்தப் பக்கம் என்று நெகட்டிவே சொல்லும், ஆனால் தலைகீழாகச் சொல்லும். துளை வழியே விழும் படம் தலைகீழ், இடவலமும் மாறும். எனவே நேராக வைத்துப் பார்க்கும் படத்தில் கறை மேலே, வானத்தில் இருந்தால் கசிவு கேமராவின் அடிப்பக்கத்தில். கறை படத்தின் வலது ஓரத்தில் இருந்தால், கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடது பக்கத்தில். இதை யோசிக்காமல் படத்தில் பார்த்த பக்கத்திலேயே டேப் ஒட்டிவிட்டு, அடுத்த ரோலும் கெட்டு, அப்புறம் பெட்டியையே மாற்றியவர்கள் உண்டு.

இடத்தை உறுதிப்படுத்த இருட்டறைக்குப் போங்கள். பெட்டிக்குள் ஒரு சின்ன டார்ச்சை எரியவிட்டு மூடி, துளையையும் மறைத்து, கண் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள். முதல் நிமிடத்தில் எதுவுமே தெரியாது, பெட்டி பத்திரம் என்று நினைத்துவிடுவோம். அப்புறம்தான் மூடி உட்காரும் காடியின் ஒரு மூலையில் நூல்போல ஒரு கோடு மெல்லத் தெரியவரும். பெட்டியை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். கசிவு நேராகப் பார்த்தால் தெரியாமல் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிவதும் உண்டு. திருகுத் துளைகள், ஸ்பூலைச் சுற்றும் குமிழ் நுழையும் இடம், துளைத் தகட்டின் சுற்றோரம், எதையும் விடாதீர்கள்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. மூடி விளிம்பிலுள்ள காடிக்குள் மெல்லிய கறுப்பு ஃபெல்ட் அல்லது வெல்வெட் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மூடி முழுக்க அமர்கிறதா பாருங்கள். தடித்த துணி மூடியையே தூக்கிவிட்டால் கசிவு கூடும். மூட்டுகளில் விரிசல் இருந்தால் மக்கு வைத்து அடைத்து, உள்ளே பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. பெயின்ட் நன்றாகக் காய்ந்து வாசனை போன பிறகே பிலிம் போடுங்கள். மூடி காந்தத்தால் நிற்கிற பெட்டியாக இருந்தால் ஒரு தடித்த ரப்பர் பட்டையைச் சுற்றி மாட்டிக்கொள்ளுங்கள், பார்க்க அழகில்லை, ஆனால் வேலை செய்யும். நடு வெயிலில் நிற்கும்போது கசிவைக் கண்டுபிடித்தால் மூட்டு முழுக்கக் கறுப்பு மின்டேப்பைச் சுற்றி அன்றைய ரோலை முடித்துவிடலாம்.

கறை கட்டத்தின் நடுவில் மங்கலான வட்டமாக இருந்தால், அல்லது பின்தாளின் எண்ணும் புள்ளியும் வானத்தில் பேய்போலத் தெரிந்தால், அந்த எண்ணைப் பார்க்கப் பெட்டியின் பின்பக்கம் வைத்த சிவப்பு ஜன்னல்தான் காரணம். பழைய காலத்துப் பிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடி போதுமானதாக இருந்தது. இன்றைய பான்குரோமாட்டிக் பிலிம் சிவப்பையும் பார்க்கும். ஜன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்டி, பிலிம் சுற்றும்போது மட்டும், அதுவும் உங்கள் உடம்பின் நிழலில், தூக்கிப் பாருங்கள்.

இரண்டு ஓரங்களிலும் மட்டும் அலையலையாகக் கறுப்பு இருந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். ரோலை வெளியே எடுக்கும்போது தளர்வாகச் சுற்றியிருந்தது. நிழலில் எடுத்து, இறுக்கி, உடனே ஒட்டி, கறுப்பு உறைக்குள் போடுங்கள்.

படம் கூர்மையாக இல்லை

ஊசித்துளைப் படத்துக்கு லென்ஸின் கூர்மை வராது. அந்த மென்மைக்காகத்தானே இதை எடுக்கிறோம். ஆனால் மென்மை வேறு, கலங்கல் வேறு.

கோடுகள் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அல்லது இரட்டையாகத் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. மர ஷட்டர் இறுக்கமாக இருந்தால் அதைத் தள்ளும்போது பெட்டி முழுவதும் திரும்பும். ஒரு கறுப்பு அட்டையைத் துளைக்கு முன்னால், தொடாமல் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறங்கள். பெட்டி அசையாமல் நின்றதும் அட்டையை எடுங்கள், முடிந்ததும் அட்டையை வைத்துவிட்டு ஷட்டரை மூடுங்கள். ஷட்டர் ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியை இரண்டு முறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு கலங்கல் என்றால் துளையைப் பார்க்க வேண்டும். துளை பெரிதானால் படம் கலங்கும். மிகச் சிறிதானாலும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் கலங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. 1891-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு இதை ஆராய்ந்து எழுதினார். இன்றும் அவர் பெயரால் புழங்கும் கணக்கு இது: தூரத்தை 0.00055-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல் பெருக்குங்கள். 40 மி.மீ. தூரத்துக்கு 0.28 மி.மீ. வருகிறது, 25 மி.மீ. தூரத்துக்கு 0.22. இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வட்டமாக இல்லாத துளையும் பிசிறு நிற்கும் துளையும் நிச்சயம் தெரியும்.

துளை போடும் விதம்: மெல்லிய பித்தளைத் தகட்டை ஓர் அட்டைமேல் வைத்து, ஊசியின் நுனியால் லேசாக அழுத்துங்கள், குத்தி வெளியே எடுக்க வேண்டாம். பின்புறம் ஒரு சின்னப் பரு எழும். அதை 600 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பரு தேய்ந்து துளை திறக்கும். மறுபடி ஊசி நுனியை விட்டு, விரலுக்கிடையில் உருட்டி, மறுபடி தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பது. பொறுமையாக ஐந்தாறு தடவை செய்தால் துளையைச் சுற்றித் தகடு தாளைவிட மெல்லிசாகிவிடும், விளிம்பு சுத்தமாக வரும். கடைசியில் தகட்டின் உட்புறம் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். மை துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. துளை நேர்கோட்டை நேர்கோடாகவே வரையும், லென்ஸைப்போல் வளைக்காது. சுவரின் விளிம்போ அடிவானமோ வளைந்திருந்தால் பிலிம் தட்டையாக இல்லை, உப்பியிருக்கிறது. மரப்பெட்டி பலவற்றில் பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு கிடையாது. படம் எடுப்பதற்குச் சற்று முன் ஸ்பூலைச் சுற்றும் குமிழை மெதுவாக இறுக்கிக்கொண்டால் சரியாகிவிடும்.

மூலைகள் இருண்டுபோகின்றன

நடுவிலிருந்து மூலைக்கு மெதுவாக இருண்டால் அது கோளாறு இல்லை. மூலை துளையிலிருந்து தூரம், அதோடு வெளிச்சம் சாய்ந்து விழுகிறது. நம் பெட்டியில் மூலைக்கு நடுவைவிட இரண்டு ஸ்டாப் குறைவு. 25 மி.மீ. பெட்டியில் மூன்றரை. அது பிடிக்கவில்லையென்றால் தூரம் அதிகமான பெட்டி வேண்டும், அல்லது பிலிம் வளைவாக நிற்கும் பெட்டி. எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் இருட்டு திடீரென வட்டமாக வெட்டினாற்போல் தொடங்கினால் துளைக்கு முன்னால் இருக்கும் மரம் மறைக்கிறது. பலகையில் போட்ட வாயைக் கூம்புபோல வெளிப்பக்கம் அகலமாக அரத்தால் ராவி விடுங்கள். தடித்த தகட்டில் போட்ட துளையும் ஒரு குழாய்போல நின்று மூலைகளை மறைக்கும்.

கட்டத்துக்குள் மட்டும் ஒரு வெளுப்பு, சில படங்களில் மட்டும்

சூரியன் துளைக்கு நேராக வந்தபோது உள்ளே பூசாத மரமோ பளபளக்கும் தகடோ அதைத் திருப்பி அடிக்கிறது. உள்பக்கம் கறுப்பாக்குங்கள். வெளியே இருக்கும்போது கையால் துளைக்கு ஒரு நிழல் பிடியுங்கள்.

படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன

120 பின்தாளில் எண்கள் மூன்று வரிசையாக இருக்கும், 6×4.5, 6×6, 6×9 கட்டங்களுக்கு. சிவப்பு ஜன்னல் எந்த வரிசைக்கு நேரே இருக்கிறது என்று பெட்டியில் உறுதிசெய்யுங்கள். 6×6 எடுக்கும்போது 6×9-இன் எட்டு எண்களைப் பார்த்துச் சுற்றினால் இடைவெளி அகலமாகும், பதினாறு எண்களைப் பார்த்தால் படங்கள் ஏறிக்கொள்ளும்.

புள்ளிகள்

பொடிப்பொடியாக இருக்கும் புள்ளிகளுக்கு ஒரே ஒரு கேள்வி: படத்தில் அவை கறுப்பா, வெளுப்பா? கறுப்பு என்றால் அந்த இடத்தில் வெளிச்சமோ டெவலப்பரோ பிலிமைத் தொடவில்லை. ஒழுங்கில்லாத வடிவம் என்றால் பெட்டிக்குள் இருந்த மரத்தூள். ரோல் போடும் முன் ஈரத் துணியால் துடைத்து, ஊதுகுழலால் ஊதுங்கள். சுத்தமான வட்டம் என்றால் காற்றுக் குமிழி. டெவலப்பர் ஊற்றியதும் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, மேசைமேல் இரண்டு மூன்று தடவை தட்டினால் குமிழி விட்டுவிடும். வெளுப்புப் புள்ளி என்றால் காய்ந்த நெகட்டிவின்மேல் உட்கார்ந்த தூசு, கவலை வேண்டாம்.

பிறை, பால் நிறம், ஓரம் வெளிறல், ரோஸ் சாயல்

பிறை வடிவக் கறை, விரல் நகம் பதிந்தாற்போல் இருந்தால் ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியிருக்கிறது. 120 பிலிம் அகலமானது, மெல்லியது, வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கை வியர்க்க வியர்க்க மக்கர் செய்யும். பிளாஸ்டிக் ரீல் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிமைப் பிடித்துக்கொள்ளும். ஏறவில்லையென்றால் தள்ளாதீர்கள். பிலிமை டேங்குக்குள் வைத்து மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, துடைத்து, ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள். பயன்படாத ஒரு ரோலை வைத்து, முதலில் கண்ணைத் திறந்தும் பிறகு மூடியும் பத்துத் தடவை ஏற்றிப் பழகினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஏற்றும்போது பிலிமின் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டால் அங்கே டெவலப்பர் போகாது. ஒழுங்கற்ற ஒரு வெள்ளைத் தீவு மிஞ்சும். ஒரு நீள ஓரம் முழுக்க வெளிறியிருந்தால் டேங்கில் ரசாயனம் போதவில்லை. பேட்டர்சன் வகை டேங்கில் 35 மி.மீ. ரோலுக்கு 290 மி.லி. போதும், 120-க்கு 500 மி.லி. வேண்டும்.

பிலிம் பால் கலந்தாற்போல் மங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம், ஃபிக்ஸர் வேலையை முடிக்கவில்லை, அவ்வளவுதான். புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டு, கழுவிக் காயவையுங்கள், சரியாகிவிடும். ஃபிக்ஸரின் நிலையை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது: ஒரு துண்டு பிலிமைப் போட்டு, அது தெளிய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்யுங்கள். புதிதாக இருந்தபோது எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அந்த ஃபிக்ஸர் தீர்ந்துவிட்டது.

ரோஸ் அல்லது ஊதாச் சாயல் பிலிமில் பூசிய சாயம். கூடுதலாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும், மிச்சம் இருந்தாலும் படத்துக்குக் கெடுதல் இல்லை. உப்புத் தண்ணீரில் காய்ந்த துளித் தடங்கள் இருந்தால் கடைசிக் கழுவலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும், அதில் சில துளி வெட்டிங் ஏஜென்ட்டும் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழிய உதவும் திரவம்).

எதிலுமே சேரவில்லையென்றால்

ஒரு ரோலைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். முதல் ஆறு கட்டத்தில் ஷட்டரைத் திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெட்டியின் ஒரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டி ஐந்து நிமிடம் வையுங்கள்: முன், பின், மேல், கீழ், இடம், வலம். எந்தக் கட்டம் எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்றில் ஒரே காட்சியைக் கணக்கிட்ட நேரத்திலும், அதில் பாதியிலும், இரண்டு மடங்கிலும் எடுங்கள். பத்தாவதில் அட்டை முறை, பதினொன்றில் வெறும் ஷட்டர், இரண்டும் ஒரே சுவரை நோக்கி. பன்னிரண்டாவதைச் சூரியனுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி எடுங்கள். பிலிம் காய்ந்ததும் நீங்கள் எழுதிவைத்த தாளை அதன் பக்கத்தில் விரித்து, முதல் கட்டத்திலிருந்து வரிசையாக ஒப்பிட்டு வாருங்கள்.